அம்மாவின் குளிர்கால எண்கள்

என் அம்மா ஆர்டித் ட்வெய்ட்டின் உயரம் நான்கு அடி பத்து அங்குலம். அவளுக்கு அந்தத் தொழில் கிடைத்ததற்கு அதுதான் காரணம்.

அப்பா எல்டன் ஆறு அடி இரண்டு அங்குலம். அயோவாவின் வடகிழக்கு மூலையில், ஹௌகன் என்ற எங்கள் சிற்றூரில் குழாய் வேலை செய்துவந்தார். 1993 வசந்தத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டை விற்கப் போனார். வாங்க வந்தவர்கள் ரேடான் பரிசோதனை கேட்டார்கள். பதினெட்டு என்று வந்தது. நான்கைத் தாண்டினால் சரிசெய்ய வேண்டும். மண்ணிலிருந்து கசியும் வாயு, நிறமும் மணமும் கிடையாது, வீட்டுக்குள் தேங்கினால் நுரையீரலுக்கு ஆகாது. அதற்கு மேல் அப்போது ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாது. அப்பா ஒரு கையேட்டைப் படித்துவிட்டு வேலையை ஒப்புக்கொண்டார்.

அந்த வீட்டுக்கு நிலவறை இல்லை. தரைப்பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே இரண்டடி இடைவெளி மட்டும்தான். அந்த வீட்டடிக்குள் போக வெளிச்சுவரில் ஒரு சின்னக் கதவு இருந்தது. அப்பா தலையையும் ஒரு தோளையும் உள்ளே விட்டார். அடுத்த தோள் போகவில்லை. பின்னால் வரவும் முடியவில்லை. ஆசிரியை எங்கள் வீட்டுக்கு ஃபோன் செய்தார்.

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். எனக்குப் பதினொரு வயது. சுவரிலிருந்து அப்பாவின் பாதி உடம்பு நீட்டிக்கொண்டிருந்தது.

"எல்டன், மூச்சை வெளிய விடு."

"விட்டுட்டேன்."

"இன்னும் விடு. காலையில தின்ன நாலு பான்கேக்கையும் சேர்த்து விடு."

காலைப் பிடித்து இழுத்தோம். வந்தார். சட்டை கிழிந்திருந்தது. அம்மா குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"உள்ள என்ன பண்ணணும்?"

"மண்ணு மேல பிளாஸ்டிக் விரிக்கணும். நீ போறியா? நான் மேலேருந்து சொல்றேன்."

"அது எப்பவும் நடக்கிறதுதானே" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு இருபத்தொன்பது வருடம் அவள்தான் உள்ளே போனாள். அப்பா வெளியே குழாய் அறுத்தார், ஒட்டினார், கூரைக்கு மேல் ஏற்றினார். அறுநூறுக்கு மேற்பட்ட வீடுகள். நான் எண்ணிப் பார்த்ததில் அறுநூற்று முப்பத்தெட்டு.

வேலை சுலபமாகச் சொல்லக்கூடியது. வீட்டடியில் கிடக்கும் கல், ஆணி, உடைந்த செங்கல் எல்லாவற்றையும் பொறுக்கி வெளியே தள்ள வேண்டும். துளையிட்ட குழாயை மண் மேல் நெடுக வைக்க வேண்டும். அதன் மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, சுவருக்குச் சுவர். ஓரங்களைச் சுவரோடு பசை வைத்து ஒட்ட வேண்டும். குழாயின் மறுமுனை வெளியே வந்து கூரைக்கு மேல் போகும். நடுவில் ஒரு விசிறி. அது இரவும் பகலும் விரிப்புக்குக் கீழே உள்ள காற்றை உறிஞ்சி மேலே விடும். மண்ணிலிருந்து வருவது வீட்டுக்குள் ஏறாமல் வானத்துக்குப் போய்விடும். செய்வது சுலபம் இல்லை. முழங்கையிலும் வயிற்றிலும் ஊர்ந்து செய்ய வேண்டும். அம்மாவுக்கு முழங்கைத் தோல் தேய்ந்து பளபளப்பாக இருக்கும்.

வீட்டடியில் பார்த்ததை வெளியே சொல்வதில்லை என்பது அவள் வைத்திருந்த விதி. எங்கள் சாப்பாட்டு மேஜை அந்த விதிக்குள் வராது. மதுவைத் தொடாதவர் என்று பெயரெடுத்த ஒருவர் வீட்டுக்கு அடியில் பதினேழு விஸ்கி பாட்டில்கள் வரிசையாக நின்றன. இன்னொரு வீட்டில் பற்செட்டு. "மேல் வரிசை மட்டும்தான் இருந்துச்சு. கீழ் வரிசையோட அவர் இன்னும் நடமாடிக்கிட்டுத்தான் இருக்காரு" என்றாள். யார் என்று அப்பா ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சொல்லவில்லை.

ஊரில் அவளைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. காபிக் கடைக்குள் நுழைந்தால் யாராவது ஆரம்பிப்பார்கள். "ஆர்டித், இன்னைக்கு யார் வீட்டு அடிவயித்துல ஊர்ந்த?" அவள் திருப்பிக் கொடுப்பாள். "உன் வீட்டுலதான். உன் பொண்டாட்டி மேல நடந்துக்கிட்டே உன்னைத் திட்டினா. எல்லாம் நியாயமாத்தான் இருந்துச்சு."

எங்கள் ஊரில் வீட்டை விற்கும்போதுதான் ரேடான் பரிசோதனை செய்வார்கள். விற்காத வீட்டில் செய்ய மாட்டார்கள். வீட்டு வாசலில் பரிசோதனைக்காரரின் வண்டி நின்றால், இவர்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள் என்று மாலைக்குள் பேச்சு பரவிவிடும். பரிசோதனையின்போது இரண்டு நாள் கதவு ஜன்னல் எல்லாம் அடைத்திருக்க வேண்டும். விற்பவர்கள் ரகசியமாக ஒரு ஜன்னலைத் திறந்துவைப்பார்கள். அம்மா வாசலில் நின்றே கண்டுபிடிப்பாள். "மேல் அறையில திரை ஆடுதே, பேய் இருக்கா? அப்ப அதையும் பத்திரத்துல எழுதிடுங்க." ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கும்.

எங்கள் வீட்டில் அவள் ஒரே ஒரு தடவை பரிசோதித்தாள். உரிமம் வாங்கும் பயிற்சியில் வீட்டுப்பாடமாகக் கொடுத்தார்கள். 1994 ஜூன் மாதம். இரண்டு புள்ளி ஒன்று வந்தது. நல்ல எண். குளிர்பதனப் பெட்டியின் கதவில் அந்தத் தாளை ஒட்டிவைத்தாள். பல வருடம் அங்கேயே இருந்தது.

1999-இல் அப்பா வீட்டின் கிழக்குப் பக்கம் ஒரு படுக்கையறை சேர்த்துக் கட்டினார். அதன் அடியிலும் இரண்டடி இடைவெளி விட்டார். காற்றுப் போக மூன்று வெளிச்சுவர்களிலும் சின்னச் சின்ன ஓட்டைகள். அக்டோபர் கடைசியில் எங்கள் பக்கம் பல வீடுகளில் செய்வதுபோல, அவரும் அஸ்திவாரத்தைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கி அந்த ஓட்டைகளை மூடுவார். அடியில் போகும் தண்ணீர்க் குழாய் உறையாது. தரை சில்லிடாது. ஏப்ரலில் எடுத்துவிடுவார். பக்கத்துப் பண்ணைக்காரர் கேலன் கட்டுகளைக் கொண்டுவருவார். இருவரும் அடுக்கிவிட்டு பியர் குடிப்பார்கள். குளிர்காலம் வந்துவிட்டது என்பதற்கு எங்கள் வீட்டில் அதுதான் அடையாளம்.

வைக்கோல் வைக்காதீர்கள் என்று அம்மா வாடிக்கையாளர்களிடம் சொல்வாள். குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடான காற்று மேலே ஏறிக் கூரை வழியாகக் கசியும். அந்த இடத்தை நிரப்ப வீடு கீழே இருந்து உறிஞ்சும். பக்கத்து ஓட்டைகளை அடைத்துவிட்டால் மண்ணிலிருந்துதான் உறிஞ்ச வேண்டும். இதை நூறு பேருக்குச் சொல்லியிருப்பாள். அப்பாவிடம் சொன்னதில்லை. எங்கள் வீடு இரண்டு புள்ளி ஒன்று.

இந்தத் தொழில் செய்பவர்கள் சட்டையில் ஒரு சின்னக் கறுப்பு டப்பி மாட்டிக்கொள்ள வேண்டும். தீப்பெட்டியில் பாதி இருக்கும். உடம்பு எவ்வளவு ரேடானுக்கு நடுவில் இருந்தது என்பதை அது பதிந்துகொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஒரு எண் வரும். வருடத்துக்கு ஒரு வரம்பு உண்டு. வேலை இல்லாத நேரத்தில் டப்பியை ரேடான் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. அம்மா விதிப்படி நடப்பவள். மாலையில் வேலை உடுப்பைக் கழற்றி, டப்பியோடு சேர்த்துப் படுக்கையறைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவிடுவாள். கிழக்கு அறை.

நான் டெ மாயின் நகரத்தில் மருத்துவமனைகளுக்குக் காற்றோட்டம் வடிவமைக்கிறேன். அறுவை அறைக்குள் எந்தப் பக்கத்திலிருந்து காற்று வர வேண்டும், எந்தப் பக்கம் வெளியேற வேண்டும், எவ்வளவு வேகத்தில். பதினெட்டு வருடமாக அதுதான் வேலை. அம்மாவுக்கு அதில் பெருமை. "நானும் என் பொண்ணும் ஒரே தொழில்தான். அவ நின்னுக்கிட்டு செய்றா" என்பாள்.

2013 ஜனவரியில் ஃபோன் செய்தாள்.

"லின்னி, டப்பி எண் வந்திருக்கு. ஏறிப்போச்சு. போன வருஷத்தைவிட ரெண்டு மடங்கு."

"எந்த வீட்டுல அதிகமா இருந்த?"

"அக்டோபருக்கு அப்புறம் நாலே வீடுதான். அதுல ஒன்னுதான் மோசம்."

"அந்த ஒன்னா இருக்கும். மார்ச் வரைக்கும் எந்த வீட்டடிக்கும் போகாத. வீட்டுலேயே இரு."

"வீட்டுல உக்காந்து என்னடி பண்றது? உங்கப்பா மூஞ்சியையா பாக்கிறது?"

"தேவாலயத்துக்கு மெத்தைவிரிப்பு தைக்கிறேன்னு சொன்னியே. அதைத் தை."

அவள் கேட்டுக்கொண்டாள். நான் படித்தவள். கிழக்கு அறையில் ஜன்னலோரம் தையல் மேஜை போட்டாள். காலை வெயில் நன்றாக வரும், கதகதப்பாக இருக்கும் என்றாள். அடுத்த ஜனவரியிலும் எண் ஏறியது. வேலையை டிசம்பரிலேயே நிறுத்து என்றேன். அதற்கடுத்த வருடம் நவம்பரில். எண் ஏற ஏற அவளை வீட்டிலேயே இருக்கச் சொன்னேன். ஒன்பது குளிர்காலம். முப்பத்தொரு விரிப்புகள் தைத்தாள்.

பத்தாவது குளிர்காலத்தின் தொடக்கத்தில் இருமல் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய். புகைப்பீர்களா என்று மருத்துவர் கேட்டார். "புகை போட்ட பன்னிக்கறி திம்பேன், அவ்வளவுதான்" என்றாள். மருத்துவர் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. என்ன தொழில் என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. வரும் வழியில் வண்டியை ஓட்டிக்கொண்டே, "என் தோள் ஒரு சாண் சின்னதா இருந்திருக்கலாம்" என்றார். அம்மா, "உன் வாய் சின்னதா இருந்தா போதும்" என்றாள்.

அடுத்த ஆகஸ்ட் பதினாறு, காலை ஏழு இருபதுக்கு இறந்தாள். அறுபத்தேழு வயது. அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் காபியும் கொடுத்தார்கள். அந்தக் கீழ்த்தளத்துக்கும் அவள்தான் குழாய் வைத்திருந்தாள். விசிறி ஓடுகிறதா என்று போய்ப் பார்த்தேன். ஓடியது. திரும்பி வந்து இன்னொரு காபி குடித்தேன். எனக்கு அழுகை வரவில்லை. இதுவரை வரவில்லை.

அக்டோபர் நடுவில் இரண்டு வார விடுப்பு எடுத்துக்கொண்டு ஹௌகனுக்குப் போனேன். அம்மாவின் தொழில் தாள்களை ஒழுங்குபடுத்தி உரிம அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. டப்பி எண்கள் ஒரு நோட்டில் வரிசையாக இருந்தன. ஒரு தாளில் வரைபடக் கோடாகப் போட்டுப் பார்த்தேன். வேறு காரணம் இல்லை, எண்களைப் பார்த்தால் கோடு போடுவது என் பழக்கம்.

கோடு ஒவ்வொரு குளிர்காலத்திலும் மலைபோல ஏறி, கோடையில் இறங்கியது. அவள் அதிகம் ஊர்ந்தது கோடையில். குளிர்காலத்தில் வேலையே இல்லை. கடைசி ஐந்து குளிர்காலத்தில் அவள் ஒரு வீட்டடிக்குள்ளும் போகவில்லை. அவைதான் உயரமான மலைகள்.

நான் எழுந்து கிழக்கு அறைக்குப் போனேன். ஆணியைப் பார்த்தேன். அப்பாவின் கட்டிலைப் பார்த்தேன். பிறகு காரிலிருந்து என் அளவுமானியை எடுத்துவந்து அலமாரி மேல் வைத்தேன். அப்பாவிடம் கேட்கவில்லை. ஜன்னல்களை அடைத்தேன்.

இரண்டு நாளில் பத்தொன்பது என்று காட்டியது. வைக்கோல் இன்னும் வைக்கவில்லை. வெளியே பெரிய குளிரும் இல்லை. ஜனவரியில், வைக்கோலோடு, இது நாற்பதாகவும் ஆகலாம். அப்பாவுக்கு எழுபத்தொன்று. இரவு பத்து மணிநேரம் அந்த அறையில் தூங்குகிறார். மதியமும் ஒரு மணிநேரம். சனிக்கிழமை கேலன் வைக்கோல் கொண்டுவருவதாக இருந்தது. அன்று வியாழன்.

காலை உணவின்போது அளவுமானியை மேஜைமேல் வைத்தேன்.

"அப்பா, கிழக்கு அறையில பத்தொன்பது இருக்கு. சனிக்கிழமை வைக்கோல் வேண்டாம். அடியில விரிப்பு போட்டு ஃபேன் வைக்கணும். நான் இங்க இருக்கும்போதே முடிச்சிடலாம்."

அவர் அளவுமானியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"எப்ப வச்ச இதை?"

"செவ்வாய்க்கிழமை."

"யார் வாங்க வர்றா?"

"என்னது?"

"வீட்டை யாருக்குக் காட்டியிருக்க? உங்கம்மா போயி ரெண்டு மாசம்தான் ஆவுது. என்னையும் டெ மாயினுக்குக் கட்டி எடுத்துட்டுப் போயி, ஒரு ஆறாவது மாடியில உக்கார வச்சிடலாம்னு பாக்கிற."

"யாருக்கும் காட்டல."

"பின்ன எதுக்குச் சோதிக்கிற? விக்காத வீட்டை எவன் சோதிப்பான்?"

"அப்பா, நீங்க தூங்குற இடம்பா அது."

"ரெண்டு புள்ளி ஒன்னு. உங்கம்மா வச்சுப் பார்த்தது. இந்த மாநிலத்துலயே அவளைவிடத் தெரிஞ்சவ கிடையாது. உன் பொம்மை பெட்டிய எடுத்துட்டுப் போ."

எழுந்து போய்விட்டார். கொட்டகையில் எதையோ சுத்தியலால் அடிக்கும் சத்தம் மதியம்வரை கேட்டது. நான் தட்டுகளைக் கழுவினேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை. எண்ணை மட்டும் சொன்னால் நம்ப மாட்டார். நம்ப வைக்க வேண்டுமானால் அம்மாவின் நோட்டைக் காட்ட வேண்டும். நோட்டைக் காட்டினால் வைக்கோலைச் சொல்ல வேண்டும். வீட்டிலேயே இரு என்று சொன்னது யார் என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அவர் அந்த அறையில் இன்னொரு குளிர்காலம் தூங்குவார். இவ்வளவுதான் கணக்கு. கடினமான கணக்கு இல்லை. ஆனால் ஒரு பகல் ஆனது.

சனிக்கிழமை காலை கேலனின் வண்டி வந்துவிட்டது. நாற்பது கட்டுகள். கேலன் இறங்கித் தொப்பியைச் சரிசெய்தார்.

"ஏம்மா லின்னி, நீ இன்னும் இங்கதான் இருக்கியா? நல்லது, கை குடு. உங்கப்பாவுக்கு முதுகு போச்சு, எனக்கு முட்டி போச்சு. ரெண்டு பேரையும் ஒட்டினா ஒரு ஆம்பளை தேறும்."

"ஒட்டினாலும் குடிக்கிறது ரெண்டு ஆள் அளவுதான்" என்றார் அப்பா.

இருவரும் முதல் கட்டை இறக்கினார்கள். அப்பா அதை ஓட்டைக்கு நேராகத் தள்ளினார். நான் போய் அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"எந்திரி லின்னி."

"அஞ்சு நிமிஷம் உள்ள வாங்க அப்பா. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

கேலன் வண்டிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

சமையலறையில் நோட்டையும் நான் கோடு போட்ட தாளையும் விரித்தேன். சொன்னேன். டப்பி எங்கே தொங்கியது என்பதைச் சொன்னேன். எந்த மாதங்களில் ஏறியது, அந்த மாதங்களில் அவள் எங்கே இருந்தாள் என்பதைச் சொன்னேன். ஜூன் மாதத்தில், ஜன்னல் திறந்துவைக்கும் வீட்டில், இந்த அறையே கட்டப்படாத காலத்தில் எடுத்த எண் இரண்டு புள்ளி ஒன்று என்றேன். வைக்கோல் என்ன செய்யும் என்பதைச் சொன்னேன். பிறகு மிச்சத்தையும் சொன்னேன்.

"அவள வீட்டுல இருன்னு சொன்னது நான்தான். ஒவ்வொரு வருஷமும். நீங்க இல்ல."

அவர் கோட்டின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு மலையாக ஏறி இறங்கினார். ஒன்பதாவது மலையில் விரல் நின்றது.

"அப்ப வேலையில வந்தது இல்லையா அது? நான் அனுப்பின வீடுங்கள்ல?"

"தெரியாது."

"இங்கதான் வந்துச்சா?"

"அதுவும் தெரியாது. ரெண்டுலயும் இருந்திருக்கா. எந்த மூச்சுல வந்துச்சுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது."

"நீ படிச்சவளாச்சே."

"படிச்சவங்களுக்கும் தெரியாது."

வெளியே கேலன் வண்டி ரேடியோவில் சோள விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அவளுக்கு அந்த ரூம் புடிக்கும்" என்றார். "வெதுவெதுன்னு இருக்குன்னு சொல்லுவா."

"சொல்லுவா."

எழுந்து வெளியே போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இறக்கிய கட்டைத் தூக்கி வண்டியில் போட்டார். தனியாகத் தூக்கினார், முதுகோடு.

"என்னப்பா எல்டன், திருப்பி அனுப்புற?" என்றார் கேலன்.

"எலி வருது."

"இருபது வருஷமா வராத எலி."

"இப்ப வருது. எடுத்துட்டுப் போ."

கேலன் என்னைப் பார்த்தார். ஜன்னலுக்குள் நான் நின்றிருந்தேன். அவர் வண்டியை எடுக்கவில்லை. கதவுக்கு வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"லின்னி, ரேடான் அளக்கிற அந்தப் பொட்டி ஒரு ரெண்டு நாளைக்கு என் வீட்டுல இருக்கட்டுமா? நான் விக்கப் போறதில்ல. யார்கிட்டயும் சொல்லாத."

"இங்க வேலை முடிஞ்சதும் கொண்டுவர்றேன், கேலன்."

"ராத்திரி இருட்டினப்புறம் கொண்டுவா. எதிர்வீட்டுக்காரி பார்த்தான்னா, நாளைக்கே என் நிலத்துக்கு விலை கேட்டு ஆள் வருவான்."

கிழக்கு அறையின் அடிக்குப் போக வழி கிடையாது. அப்பா கட்டும்போது கதவு வைக்கவில்லை. உடுப்பு அலமாரிக்குள் தரைப்பலகையை அறுத்தார். பதினெட்டு அங்குலத்துக்கு இருபத்துநாலு. பென்சிலால் கோடு போட்டு, வாளால் மெதுவாக அறுத்தார். மூன்று இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினார். நான் பிடித்துக்கொண்டேன். பலகையை எடுத்ததும் கீழே இருந்து மண் வாடை வந்தது. குளிர்ந்த, காய்ந்த வாடை. இருவரும் அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் ஐந்து அடி மூன்று அங்குலம். இறங்கினேன். அங்கே எதுவும் இல்லை. மண், சட்டங்கள், ஒரு செத்த வண்டு, அப்பா 1999-இல் விட்டுப்போன குழாய்த் துண்டு. கல்லைப் பொறுக்கினேன். மண்ணில் முகம் இருக்கும் உயரத்தில் அளவுமானியை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அது தேவையில்லாத எண். முகமூடிக்குள் என் மூச்சு சத்தமாகக் கேட்டது.

மேலே இருந்து அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். "குழாய நடுச்சட்டத்துக்கு நேரா வை. விரிப்புக்கு ஒரு அடி ஒட்டு விடு. இழுத்து ஒட்டாத, ஃபேன் போட்டா கிழியும்."

"தெரியும்பா."

"தெரியும்னுதான் எல்லாரும் சொல்றீங்க."

பசைத் துப்பாக்கியை இறக்கினார். நான் ஓரத்தை ஒட்டிக்கொண்டே போனேன். தண்ணீர்க் குழாய்க்குப் பஞ்சு உறை சுற்றினேன், உறையாமலிருக்கச் சூடேற்றும் நாடாவும். மூன்று நாள் ஆனது. வெளிச்சுவரில் குழாயைக் கூரைக்கு மேல் ஏற்றியது அப்பா. ஏணியில் நான் ஏறுகிறேன் என்றேன். விடவில்லை. மாலை நாலு மணிக்கு விசிறியைப் போட்டோம். விரிப்பு மண்ணோடு உறிஞ்சி ஒட்டிக்கொண்டது. கல்லின் வடிவம், குழாயின் வடிவம் எல்லாம் அதன் மேல் தெரிந்தன.

அளவுமானியை மறுபடி கிழக்கு அறையில் வைத்தேன். அந்த இரண்டு நாளும் அவரைச் சமையலறை சோபாவில் படுக்கச் சொன்னேன். கால் வெளியே நீண்டிருந்தது. எதுவும் முணுமுணுக்கவில்லை. வீட்டை அடைத்துவைத்தோம். சீட்டு ஆடினோம். அவர் எல்லா ஆட்டத்திலும் தோற்றார். கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அளவுமானியை எடுத்துவந்தேன்.

"எவ்வளவு?"

"ஒன்னு புள்ளி ஆறு."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மேஜைமேல் வைத்தார்.

"அக்டோபர்ல எல்லா வீடும் நல்ல வீடுதான்" என்றார். "ஜனவரியில, பூஜ்யத்துக்குக் கீழ இருபது போகும்போது வச்சுப் பாக்கணும்."

"பாக்கலாம்."

"பொட்டியத் தபால்ல அனுப்பிவிடாத. நீ கொண்டாந்து வை. ரெண்டு நாள் இரு."

"வர்றேன்பா."

"அதுவரைக்கும் நான் சோபாவுலயே படுத்துக்கிறேன்."

தேவையில்லை, ஒன்று புள்ளி ஆறு போதும், என்று சொல்ல வாயெடுத்தேன். அது சரியான பதில்தான். வீட்டில் எங்கே இருக்க வேண்டும் என்று நான் இதற்கு முன் ஒருவருக்குச் சொல்லியிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டேன். காலெண்டரில் ஜனவரி பதினான்கைச் சுற்றி வட்டம் போட்டேன். அவர் வந்து பார்த்தார். இருபத்தொன்றுக்கு மாற்றச் சொன்னார். அந்த வாரத்தில்தான் குளிர் அதிகம் என்றார். மாற்றினேன்.